மூழ்கிய கப்பலும் போயிலின் விதியும்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் துலாம்பென் என்னும் கரையோரக் கிராமம் உள்ளது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்குள்ளான 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அங்கே கரையேற்றப்பட்டது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது கடலுக்குள் சரிந்தது. இன்று சுழியோடிகள் படகின்றிக் கரையிலிருந்தே சென்று அதனைப் பார்க்கின்றனர்.

இன்னும் தொலைவிலுள்ள கப்பல்களுக்குக் கரையிலிருந்து செல்வோர் பற்றரியில் இயங்கும் நீரடி ஸ்கூட்டரைப் பயன்படுத்துவர். கால்களுக்கு வேலை குறைவதால் காற்றும் குறைவாகவே செலவாகும்.

இங்கே நாம் கற்ற பௌதிகம் உதவுகிறது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடும். 30 மீற்றரில் அது மேற்பரப்பைப்போல் 4 மடங்கு. மேற்பரப்பில் 60 நிமிடம் போதுமான காற்று அங்கே 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 10 மீற்றரிலிருந்து மூச்சை அடக்கியபடி மேலெழுந்தால், போயிலின் விதிப்படி நுரையீரலிலுள்ள காற்று இரு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியலாம்.

ஸ்கூட்டரின் வேகத்திலும் ஆபத்து உண்டு. ஐந்து நிமிடத்தில் கடந்த தூரத்தை, பற்றரி நின்றுவிட்டால் நீந்தியே திரும்பக் கடக்க வேண்டும். அதற்கு நேரமும் காற்றும் கூடுதலாகத் தேவை. ஆகவே நீந்தித் திரும்பப் போதுமான காற்றைக் கணக்கிட்டே செல்லும் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

உயிர் இறைவன் தந்த அமானிதம். நீரில் இறங்குமுன் இக்கணக்கைச் செய்வது அதனைப் பேணும் வழியாகும்.