விற்றமின் கே: குருதி உறைதலும் பாதுகாப்பான பயன்பாடும்

இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, செயற்கை இதய வால்வு, கால் நாளத்தில் குருதிக்கட்டி முதலிய காரணங்களுக்காக வார்பரின் மாத்திரை உட்கொள்வோரிடையே இரு தவறான பழக்கங்கள் காணப்படுகின்றன. சிலர் அச்சத்தால் கீரையை முற்றாகத் தவிர்க்கின்றனர். வேறு சிலர் தோலில் கண்டல் கண்டவுடன் விற்றமின் கே மாத்திரையைத் தாமே வாங்கி உண்கின்றனர். இரண்டும் ஆபத்தானவை.

விற்றமின் கே செய்யும் பணி

காயத்தில் குருதி உறைவதற்கு வேண்டிய காரணிகளுள் நான்கினை ஈரல் உருவாக்குவதற்கு விற்றமின் கே இன்றியமையாதது. வார்பரின் அச்சத்தின் செயலை மட்டுப்படுத்தி, குருதி உறைவதைத் தாமதப்படுத்துகிறது. இத்தாமதத்தை அளவிடுவதே ஐ.என்.ஆர். சோதனை. இம்மருந்து உட்கொள்ளாதவருக்கு இது ஏறத்தாழ 1 ஆகும். வார்பரின் உட்கொள்வோர் பலருக்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்கு இலக்கு இதனினும் கூடும். அளவு உயர்ந்தால் குருதிக்கசிவும், தாழ்ந்தால் குருதிக்கட்டியும் ஏற்படலாம்.

உணவில் ஒரே சீர்மை

முருங்கையிலை, பசளி, வல்லாரை, கோவா போன்றவற்றை வார்பரின் உட்கொள்வோரும் உண்ணலாம். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதே முக்கியம். விரத காலத்தில் திடீரெனக் கீரையைப் பெருக்குவதும், பயணத்தின்போது முற்றாக நிறுத்துவதும் ஐ.என்.ஆர். அளவை மாற்றும். உணவுமுறை மாறுமாயின் முன்கூட்டியே சிகிச்சை நிலையத்துக்கு அறிவித்தல் நன்று. சத்து மாத்திரைகளிலும் மூலிகை மருந்துகளிலும் விற்றமின் கே கலந்திருக்கலாம். வாங்குமுன் மருந்தாளரிடம் கேட்க வேண்டும்.

சிகிச்சையாக வழங்கப்படும்போது

ஐ.என்.ஆர். 8ஐக் கடந்தால், குருதிக்கசிவு இல்லாவிடினும், மருத்துவர் சிறிதளவு விற்றமின் கே வாய்வழியாக வழங்குவதுண்டு. கடுங்குருதிக்கசிவின்போது அது நாளத்தினூடாக மெதுவாகச் செலுத்தப்படும். ஈரல் புதிய உறைகாரணிகளை உருவாக்கச் சில மணித்தியாலங்கள் தேவைப்படுவதால், உறைகாரணிகளும் உடன் வழங்கப்படும். விற்றமின் கே அளவு மிகுந்தால் வார்பரின் பல நாட்களுக்குச் சரிவரப் பயன் தராது. அக்காலத்தில் வால்வில் கட்டி உருவாகிப் பக்கவாதம் நேரலாம். எனவேதான் அளவை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்கிறார்.

அபிக்சபான், ரிவரொக்சபான் ஆகிய மருந்துகள் வேறு வழியில் செயற்படுவதால், விற்றமின் கே அவற்றை முறிக்காது. ஹீமோபீலியா நோயையும் அது குணப்படுத்தாது.

உடன் செய்ய வேண்டியவை

நிற்காத குருதிக்கசிவு, குருதி வாந்தி, தார் போன்ற கரிய மலம், திடீர்க் கடுந்தலைவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் 999ஐ அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டவர், வெளியே காயம் தெரியாவிடினும், தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை நிலையம் வழங்கிய மஞ்சள் நிறக் கையேட்டையும் எச்சரிக்கை அட்டையையும் எப்போதும் உடன் வைத்திருத்தல் அவசியம்.

மருந்தின் அளவில் ஒரு சொல் பிழைத்தாலும் உயிருக்கு இடர் நேரலாம். ஆகையால் ஆங்கிலத்தில் தயக்கமுள்ளோர், பிள்ளைகளை மொழிபெயர்க்கச் செய்யாது, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென முன்பதிவின்போதே பொதுமருத்துவரின் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.