மணற்பாறையில் மறைந்திருந்த வளி

கல்லுக்குள் ஈரம் உண்டு என்பது நம் நாட்டு வழக்கு. கல்லுக்குள் எரியும் வளியும் உண்டு என்பதை நெதர்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள கிரோனிங்கன் மாகாணம் நன்கு உணர்த்தியது.

1959ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அம்மாகாணத்துச் சுலோக்டெரன் என்னும் ஊரின் அருகே, உழவர் ஒருவரின் நிலத்தில் ஆழ்துளை இட்டனர். ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்தில் துளைக்கருவி மணற்பாறையை எட்டியது. அங்கே இயற்கை எரிவளி தேங்கியிருக்கக் கண்டனர்.

மாணவர்களே! அவ்வளி ஆங்கு வந்தது எவ்வாறு? ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலத்தில் சதுப்புக் காடுகள் செழித்திருந்தன. அவை புதையுண்டு நிலக்கரியாயின. பின்னர் அந்நிலம் பாலையாயிற்று. அதன் மணல் இறுகிப் பாறையாயிற்று. அப்பாலையைக் கடல் மூடியது. கடல்நீர் வற்றவே, தடித்த உப்புப் படலம் எஞ்சியது. ஆழப் புதைந்த நிலக்கரி, நிலத்தின் உள்வெப்பத்தால் வளியை ஈன்றது. மேலெழுந்த வளி மணற்பாறையில் புகுந்தது. உப்புப் படலமோ குடத்தின் மூடிபோல் அதனைத் தடுத்து நிறுத்தியது. பாறையினுள் பெரியதொரு குகை இருந்தது என்று எண்ணற்க. மணலுக்கும் மணலுக்கும் இடைப்பட்ட நுண்துளைகளே வளியின் உறைவிடம்.

இப்புதையலின் பெருமையை அறிஞர் முதலில் முழுதும் உணர்ந்திலர். தொலைவில் தோண்டிய கிணறுகளிலும் அதே வளியும் அதே அழுத்தமும் காணப்பட்ட பின்னரே, வெவ்வேறு குளங்கள் எனக் கருதியவை ஒரே பேரேரி எனத் தெளிந்தனர். அதன் அளவு ஏறத்தாழ 2,80,000 கோடி கன மீட்டர் ஆகும்.

1963 முதல் வளியை எடுக்கலாயினர். இல்லந்தோறும் அடுப்பெரிந்தது, அரசின் கருவூலம் நிறைந்தது. ஆயின், வளி வெளியேற வெளியேறப் பாறையின் உள்ளழுத்தம் குறைந்தது. மேற்சுமை தாங்காது மணற்பாறை அமுங்கியது, நிலம் தாழ்ந்தது, பழம் பிளவுகள் நழுவி நிலநடுக்கம் விளைந்தது. 2012 ஆகஸ்ட் 16இல் 3.6 அளவிலான நடுக்கம் நேர்ந்தது. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. மக்கள் தம் இல்லத்துள்ளே அஞ்சி வாழ்ந்தனர்.

இறுதியில், 2023 அக்டோபர் 1இல் வளி எடுப்பது நிறுத்தப்பெற்றது. 2024இல் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. வளி தீர்ந்தமையால் அன்று. குடிமக்களின் நலம் கருதியே அவ்வாறு செய்தனர். எஞ்சிய செல்வம் இன்றும் கல்லுக்குள் உறங்குகின்றது.

நிலத்தின் ஆழத்தை அளந்து அறிவது அறிவு. எடுக்கும் பொருளுக்கு ஈடாக இழப்பது யாது என எண்ணுவதும் அறிவேயன்றோ?