எதன்மேல் நூற்றுக்குப் பத்து?

மும்பையில் விடுதியில் இடம் கிடைக்காத மாணவர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து வீடு எடுக்கும்போது, வாடகை, முன்பணம், தரகு ஆகிய மூன்றையும் துருவித் துருவிக் கேட்கின்றனர். நான்காவதாக ஒன்று உண்டு. அதை ஒருவரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் 'சொசைட்டிக் கட்டணங்கள் குடியிருப்போரைச் சேர்ந்தவை' என்று ஒரே வரியில் அது அடங்கிவிடும். அவ்வரியின் பொருளை நம் சங்கத்து நண்பர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இதை எழுதுகிறேன்.

இந்நகரத்து அடுக்கு வீடுகள் பல, 1960-ம் ஆண்டு மகாராட்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. வீட்டுக்காரர் அச்சங்கத்தின் உறுப்பினர். நாம் உறுப்பினர் அல்லேம். உறுப்பினர் தம் வீட்டில் தாம் வாழாது வாடகைக்கு விட்டால், மாத பில்லில் ஒரு தொகை கூடுகிறது. அதன் பெயர் 'நான்-ஆக்குபன்சி சார்ஜ்'. தமிழில் 'குடியிராமைக் கட்டணம்' எனலாம். நாங்கள் மூவர் உண்டு, உறங்கி, பாத்திரம் தேய்த்து வாழும் வீடு, சொசைட்டியின் கணக்கில் குடியில்லா வீடு! பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார் போன்ற குடும்பத்தார் குடியிருந்தால் இக்கட்டணம் இல்லை.

முன்னாளில் இதைச் சங்கங்கள் தத்தம் விருப்பப்படி விதித்து வந்தன. 2001 ஆகஸ்டு 1-ல் மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சேவைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கலாகாது என்பது ஆணை. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2007-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்திற்று.

எங்கள் சொசைட்டியும் 'பத்து சதவீதந்தான் வாங்குகிறோம்' என்றது. அது உண்மையே. ஆனால் எதன்மேல் பத்து? ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலை 40 கூடியது என்று சொன்னால், எந்த அளவிலிருந்து என்று ஆசிரியர் கேளாமல் விடுவதில்லை. பில்லுக்கும் அதே கேள்விதான்.

எங்கள் வீட்டு பில்லைப் பார்ப்போம். சொத்துவரி 900, தண்ணீர் 600, சேவைக் கட்டணம் 1,800, லிப்டு 300, பழுதுபார்ப்பு நிதி 1,100, தேய்மான நிதி 370, வண்டி நிறுத்த 130. ஆக 5,200 ரூபாய். காவலர், துப்புரவாளர் சம்பளம், பொது விளக்குகளின் மின்சாரம், தணிக்கைச் செலவு முதலியனவே சேவைக் கட்டணம். வரியும் தண்ணீரும் நிதிகளும் அதிற் சேரா. ஆகவே பத்தில் ஒரு பங்கு 180 ரூபாய். எங்களிடம் வாங்கியதோ 520! மொத்தத்தின்மேற் கணக்கிட்டுவிட்டனர். மாதம் 340, இரண்டாண்டில் 8,160. ஊரிலிருந்து வரும் பணத்தையும் உதவித்தொகையையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் மூவருக்கு இது சிறு தொகை அன்று.

காரியதரிசி நல்லவர்தாம். பொதுக்குழுத் தீர்மானத்தை எடுத்துக் காட்டினார். 'மொத்த பில்லில் பத்து' என்று அதில் எழுதியே இருந்தது. பொதுக்குழு கைதூக்கியதனால் அரசாணையின் வரம்பு அகன்றுவிடாது என்பதை அவருக்கு விளக்குவதற்குள் இரண்டு மாலைப்பொழுது சென்றது.

நிற்க. எல்லாக் கட்டணத்தையும் எதிர்க்கலாம் என எண்ணவேண்டா. நாங்கள் இருப்பது தரைத்தளம். உடனிருக்கும் நண்பர் லிப்டுக்கு ஒரு காசும் தரமாட்டேன் என்று கிளம்பினார். மாதிரி விதிகளோ, ஏறினாலும் ஏறாவிட்டாலும் லிப்டுள்ள கட்டடத்தார் அனைவரும் சமமாகத் தரவேண்டும் என்கின்றன. தண்ணீர்க் கட்டணமும் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது அன்று. வீட்டிலுள்ள குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. 'மாணவர் மூவர் குளிக்கிறீர்கள்' என்று கூடுதல் கேட்பவருக்கு இதுவே விடை.

வட்டியைப் பற்றி ஒன்று. பில்லின் அடியில், பாக்கிக்கு மாதம் நூற்றுக்கு 2, அடுத்த மாதம் வட்டிக்கும் வட்டி என்று பொடியெழுத்தில் இருந்தது. 2014-ம் ஆண்டு மாதிரி விதிகளில் உச்சவரம்பு ஆண்டுக்கு நூற்றுக்கு 21, அதுவும் தனிவட்டி. ஆயிரம் ரூபாய் இரண்டாண்டு நின்றால் விதிப்படி 420 வட்டி. எங்கள் பில்லின்படி 608. கணக்குத் தெரிந்தவர்க்குக் கூட்டுவட்டி வியப்பன்று. இங்கே அதற்கு இடமில்லை என்பதே செய்தி.

ஆயினும் பணம் கட்டாது நிறுத்திவைப்பது அறிவுடைமை அன்று. பாக்கியை நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கச் சட்டத்தில் வழி உண்டு. 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என எழுதிக் கட்டிவிட்டு, ஒவ்வோர் இனத்துக்கும் கணக்குக் கேட்பதே முறை. உறுப்பினர் கட்டணம் செலுத்திக் கூட்டக் குறிப்புகளின் நகலைப் பெறலாம். தராவிடில் துணைப் பதிவாளரிடம் முறையிடலாம். மிகையாக வசூலித்தது பற்றிய வழக்குக்குக் கூட்டுறவு நீதிமன்றம் உண்டு.

இவையெல்லாம் உறுப்பினருக்கே உரியவை என்பதுதான் முடிச்சு. பணம் கொடுப்பவர் நாம்; கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு. அவருக்கோ ஒரு காசும் நட்டமில்லை. நம்மிடம் வாங்கி அங்கே கட்டுகிறார். சொசைட்டியோடு முகம் முறித்துக்கொள்ள அவர் ஏன் விரும்பப் போகிறார்? எங்கள் வீட்டுக்காரரும் முதலில், 'சரிப்படாவிட்டால் வேறிடம் பாருங்கள்' என்றார். நாங்கள் கடிதத்தை நாங்களே எழுதி, கணக்கையும் அரசாணையின் நகலையும் இணைத்து, கையொப்பம் மட்டும் கேட்டோம். இந்தக் கட்டணம் ஒழுங்கானால் அடுத்து வருவோரிடம் வாடகை உயர்த்த அவருக்கே இடம் உண்டு என்பதையும் சொன்னோம். அதன்பின் பேனாவை எடுத்தார்.

ஆகவே புதிதாக வீடு பார்ப்போர், ஒப்பந்தத்தின் அந்த ஒற்றை வரியில் 'சட்டப்படி விதிக்கத்தக்க' என்னும் சொற்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். முந்தைய மூன்று மாத பில்களையும் கேட்டு வாங்குங்கள். இவ்விதிகள் மகாராட்டிரத்துக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கே உரியவை. சென்னை அடுக்ககங்களுக்கு வேறு சட்டம். இதை எடுத்துக்கொண்டு அங்கே வாதாடல் ஆகாது.

சென்ற ஏப்ரல் முதல் எங்கள் பில்லில் அக்கட்டணம் 180 ஆயிற்று. பழைய 8,160 ரூபாய்க்கு மூன்றாம் கடிதம் போயிருக்கிறது.