மேம்படுத்தலில் முடங்கிய இணையத்தளம்: காரணம் காணும் முறை

கைத்தறிச் சங்கமாயினும் விளைபொருள் விற்பனைச் சங்கமாயினும், இணையத்தளம் வைத்திருக்கும் சங்கத்திற்கு அது ஒரு விற்பனை நிலையத்திற்குச் சமானமாகும். புடவை மாதிரிகளின் படங்கள், விலைப்பட்டியல், தள்ளுபடி அறிவிப்பு, வெளியூர் ஆர்டர்கள் யாவும் அதில் அடங்கியுள்ளன. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் அத்தளம் திறவாமற் போனால், தறியிலிருந்து இறங்கிய சரக்கு அலமாரியில் தங்கிவிடும். நெய்தவரின் கூலியும் அதனோடு தங்கும். பெரும்பாலும் இம்முடக்கம் நேருவது, தளத்தை நடத்தும் உள்ளடக்க மேலாண்மைச் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்றும் தருணத்திலேயாம். அப்போது செய்யத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உலகில் மிகுதியாக வழங்கும் இத்தகைய செயலி 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் ஆகும். அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தளம் என்பது ஒரே பொருளன்று. நிரல் கோப்புகள் ஒரு பகுதி. கட்டுரை, விலை, ஆர்டர் முதலியன தங்கும் தரவுத்தளம் மற்றொரு பகுதி. பிறர் எழுதித் தந்த செருகுநிரல்களும் தோற்ற வார்ப்புருவும் மூன்றாம் பகுதி. இம்மூன்றையும் தாங்கி நிற்பது சேவையகத்தில் உள்ள பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பது போன்றதே மேம்படுத்தல். இழைக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் பிசகினால் தறி முழுதும் நிற்கும். ஆனால் பிசகு இருப்பது அந்த ஓரிடத்தில்தான்.

தளம் முடங்கியதைக் கண்டவுடன் மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துவது பலரது வழக்கம். அதனை அறவே தவிர்த்தல் வேண்டும். முதற்காரியமாக, முடங்கிய நிலையிலேயே கோப்புகளையும் தரவுத்தளத்தையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்க. பழுதானதை எதற்கு நகலெடுப்பது என்று சிலர் வினவலாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்த காப்பு நகல் கையில் இருக்கிறது, புதன்கிழமை தளம் முடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை நகலை அப்படியே திரும்ப ஏற்றினால், இடையில் வந்த மூன்று நாள் ஆர்டர்களும் மறைந்துபோகும். பணம் கட்டியவர் பெயர்கூடத் தெரியாமற் போகும். அந்த ஆர்டர்கள் பழுதான தளத்தின் தரவுத்தளத்தில்தானே இருக்கின்றன!

அடுத்து, திரையில் தோன்றுவது யாது என்று நிதானமாகப் படித்தல் வேண்டும். பராமரிப்பு நடைபெறுவதாக ஒரு வரி மட்டும் தோன்றினால் பெரும்பாலும் அச்சமில்லை. மேம்படுத்தல் தொடங்கும்போது செயலி தானே ஒரு பராமரிப்புக் கோப்பை எழுதி வைத்துக்கொள்கிறது; முடிந்ததும் அழித்துவிடுகிறது. இடையில் இணைப்பு அறுந்தால் அக்கோப்பு அழிக்கப்படாமல் நின்றுவிடும். 10 நிமிடம் கழிந்தபின் செயலி அதனைப் பொருட்படுத்தாது. அதற்கு மேலும் அறிவிப்பு நீடித்தால், பக்கங்களின் பழைய நகலைச் சேமித்துக் காட்டும் அமைப்பு எதுவும் இடையில் உள்ளதா என்று நோக்குக. ஆயினும் அறிவிப்பு மறைந்துவிட்டதைக் கொண்டு மேம்படுத்தல் நிறைவுற்றதென எண்ணிவிடலாகாது; கோப்புகள் பாதி புதியனவாகவும் பாதி பழையனவாகவும் இருக்கக்கூடும். சேவையகத்தில் இடம் நிரம்பிவிட்டதா, கோப்புகளை எழுதும் உரிமை உள்ளதா என்பவற்றைப் பார்த்து, நிரல் கோப்புகளை முழுமையாக மீண்டும் ஏற்றுக. படங்கள் உள்ள உள்ளடக்க அடைவையும் அமைப்புக் கோப்பையும் தொடவேண்டுவதில்லை.

கடுமையான பிழை நேர்ந்ததென்ற அறிவிப்போ வெறும் வெள்ளைத் திரையோ தோன்றினால் காரணம் வேறு. 2019 மே மாதம் வெளிவந்த 5.2ஆம் பதிப்பு முதல், செருகுநிரலோ வார்ப்புருவோ இத்தகைய பிழையை விளைவிக்கும்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று செல்லும். எப்பகுதியில் பிழை என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். சங்கங்களில் நேரும் விநோதம் யாதெனில், அந்த மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் முன்னாள் காரியதரிசியுடையதாக இருப்பதே. மடல் கிட்டாவிடில், அமைப்புக் கோப்பில் பிழை பதியும் வசதியை இயக்கி, அதனால் எழுதப்படும் பதிவேட்டின் கடைசி வரிகளைக் காண்க. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது அங்கே தெளிவாக இருக்கும்.

பதிவேட்டில் அடிக்கடி காணப்படுவது பி.எச்.பி. பதிப்பின் பொருத்தமின்மை. 2020 நவம்பரில் வெளிவந்த அதன் 8.0ஆம் பதிப்பில், 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' போன்ற பழைய கட்டளைகள் அடியோடு நீக்கப்பட்டன. அவற்றை நம்பி எழுதிய செருகுநிரல் அவ்விடத்திலேயே நிற்கும். 120 கொக்கி ஜக்கார்டுப் பெட்டிக்குத் துளையிட்ட அட்டைகளை 240 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் பூவேலை எவ்வாறு வரும்? அட்டையிலும் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை. இந்நிலையில், தளத்திற்கு இடம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலிருந்து முந்தைய பி.எச்.பி. பதிப்பிற்குத் திரும்பினால் தளம் உடனே எழுவதுண்டு. இது தற்காலிக ஏற்பாடேயாகும். 7.4ஆம் பதிப்பிற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. வாங்குவோர் முகவரி தங்கும் தளத்தை நெடுநாள் அதில் வைத்திருத்தல் தகாது.

எச்செருகுநிரல் குற்றவாளி என்று பதிவேட்டாலும் புலப்படாவிடில், செருகுநிரல் அடைவின் பெயரை மாற்றிவிடுக; அனைத்தும் ஒருங்கே செயலிழக்கும். தளம் எழுந்ததாயின் பெயரைத் திரும்ப வைத்து, பாதி பாதியாக இயக்கிப் பார்க்கலாம். 16 செருகுநிரல்களில் ஒன்றே குற்றமுடையதாயின் நான்கு சோதனைகளில் அது பிடிபடும். சில வேளை பக்கம் நன்றாகத் தோன்றும், பொத்தான்கள் மட்டும் வேலை செய்யா. 2020 ஆகஸ்டில் 5.5ஆம் பதிப்பு வந்தபோது பல தளங்களில் இவ்வாறு நேர்ந்தது. ஜேகுவெரி மைகிரேட் என்னும் துணை நிரல் அதில் நிறுத்தப்பட்டமையே காரணம். இவ்வகைப் பிழை சேவையகப் பதிவேட்டில் வராது. உலாவியின் பிழைத்திரையிலேதான் வரும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய இடர் ஒன்றுண்டு; அதனைச் சற்று விரித்துரைத்தல் தகும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்னும் எழுத்து மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய தரவுத்தளங்கள் சில, தம்மை லத்தீன் எழுத்துக்கு உரியனவாக அறிவித்துக்கொண்டே தமிழ்ப் பைட்டுகளை வாய்திறவாமல் தாங்கி வந்தன. மேம்படுத்தலின் பின் இணைப்பின் எழுத்துமுறை மாறினால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகக் காட்சியளிக்கும். விலைப்பட்டியல் முழுதும் குழம்பிக் கிடக்கக் காணும் அங்கத்தினர் எல்லாம் அழிந்ததென அஞ்சுவர். அழியவில்லை. அமைப்புக் கோப்பில் எழுத்துமுறையைப் பழையபடி வைத்தால் தமிழ் திரும்பத் தோன்றும். பின்னர் அப்பத்திகளை முதலில் பைனரி வகைக்கும், அதன்பின் யூடிஎஃப்-8 வகைக்குமாக இரண்டு படிகளில் மாற்றவேண்டும். நேரே மாற்றினால் குழப்பமே நிலைபெறும். எழுத்துகளின் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் தரவுத்தளத்திலேயே பதிந்துவிட்டனவாயின் கதை வேறு. மூல எழுத்து அங்கே இல்லை. காப்பு நகலொன்றே கதி. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி அறியாமல் கைவைப்பவர், மீளக்கூடியதையும் மீளாததாக்கிவிடுவர்.

காப்பு நகலை ஏற்ற நேர்ந்தால் கோப்புகளும் தரவுத்தளமும் ஒரே பொழுதில் எடுத்தவையாக இருக்கட்டும். பழைய தரவுத்தளத்தைப் புதிய நிரல் காணும்போது அதனைப் புதுப்பிக்கத் தானே கேட்கும். மாறாக, புதுப்பித்த தரவுத்தளத்தின்மீது பழைய நிரல் செவ்வனே இயங்குமென்ற உறுதி இல்லை. இடைப்பட்ட நாட்களின் ஆர்டர்களை முன்பு எடுத்த பழுது நகலிலிருந்து எடுத்துச் சேர்த்தபின், குழுவினருள் ஒருவர் வாங்குவோர்போல ஒரு துண்டுக்கு ஆர்டர் கொடுத்து, பணம் செலுத்தும் பக்கம் திறக்கிறதா, ரசீது மடல் வந்து சேர்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே தளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுதல் வேண்டும்.