பெங்களூரிலிருந்து ஒரு ஹெவிவெயிட்: தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டில் பதினேழு வயதுப் பையன் ஆறடியைத் தாண்டி, எடையும் 90 கிலோவைத் தொட்டுவிட்டால், "இவனை பாக்ஸிங்ல சேர்த்துவிடுங்களேன்" என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் ஒரு குடும்பம் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஹெவிவெயிட்காரருக்குக் கிடைக்காத பொருள், தகுந்த எதிராளி. கீழே வரும் படிகளில் பாதி அந்தக் குறையைச் சமாளிப்பதற்காகத்தான்.

படி 1: எடையை முடிவு செய்யுங்கள்

வேர்ல்ட் பாக்ஸிங் அமைப்பின் போட்டிகளில் ஆண்களுக்கு 10 எடைப் பிரிவுகள். மேலே இருப்பவை 80, 85, 90, அதன்பின் 90 கிலோவுக்கு மேல். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஏழு பிரிவுகள்தான். அங்கே 85 கிடையாது. 84 கிலோ பையன் ஒன்று இறங்க வேண்டும், இல்லை ஏற வேண்டும். "மேல போனா ஆள் கம்மி, மெடல் ஈஸி" என்று சொல்லி முட்டையும் சோறுமாகத் திணிப்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். தசையாக ஏறாத ஆறு கிலோ, மூன்றாவது ரவுண்டில் காலைக் கட்டிப்போட்டுவிடும்.

மகளைச் சேர்ப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடினம். 2025 செப்டம்பரில் லிவர்பூல் உலக சாம்பியன்ஷிப்பில் நூபுர் ஷியோரன் 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்றார். ஆனால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு உச்ச எடை 75. உலக வெள்ளி கையில் இருந்தும் அவருடைய எடைக்கு அங்கே ரிங் இல்லை. 75-க்கு இறங்கினால், அந்த எடையில் 2023-இல் உலக சாம்பியனான லவ்லினா போர்கோஹெய்ன் இருக்கிறார்.

படி 2: ஜிம்மில் எதைப் பார்க்க வேண்டும்

கண்ணாடியையும் ஏசியையும் பார்க்காதீர்கள். மாலை ஆறு மணிக்குப் போய் ஒரு ஓரமாக நின்று, 80 கிலோவுக்கு மேல் எத்தனை பேர் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று எண்ணுங்கள். 95 கிலோ பையன் 60 கிலோ பையன்களோடு மட்டுமே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அடி வலிக்காது, அதனால் தலையை நகர்த்த மாட்டான், வலது கை தாடையை விட்டுக் கீழே இறங்கிவிடும். தன் எடைக்காரன் ஒருவனைச் சந்திக்கும் முதல் நாளிலேயே அதற்கு விலை கொடுப்பான். சின்னப் பையன்களோடு இறங்கினால் ஜாப் (முன்கையின் நேர்க்குத்து) மட்டும்தான் என்று கோச் கட்டளையிட வேண்டும். வேகமான காலைத் துரத்தித் துரத்தியே கால் வேகம் வரும்.

நகரத்தில் விசாரிக்க வேண்டிய இடங்கள்: மைசூர் சாலைப் பக்கம் ஞானபாரதி வளாகத்தில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம், கண்டீரவா, அல்சூர் ஏரியை ஒட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம். எந்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது ஆண்டுக்காண்டு மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். மாநிலத்துக்குள்ளேயே பெரிய வசதி வேண்டுமானால் பல்லாரி பக்கம் விஜயநகரில் உள்ள இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனம். பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதி வரை போன நிஷாந்த் தேவ் அங்கே பயின்றவர்.

படி 3: மெடலை நம்பாதீர்கள்

மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏணி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய எடையில் பதிவு குறைவு. நான்கே பேர் வந்த பிரிவில் ஒரு சண்டைகூட ஜெயிக்காமல் வெண்கலம் கழுத்தில் ஏறிவிடும். அதை ஃபிரேம் போட்டு மாட்டுவதில் தவறில்லை, அதை வைத்து எதிர்காலத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, எதிராளியின் எடை, உயரம், எந்தக் கைக்காரர், மூன்று ரவுண்டும் நடந்ததா என்று எழுதி வையுங்கள்.

படி 4: யாரோடு மோத வேண்டிவரும்

இந்த வழிகாட்டியில் முக்கியமான பகுதி இதுதான். தேசிய அளவில் முதல் சுவர், சர்வீசஸ் (முப்படை) அணியும் ஹரியானாவும். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்ற சாகர் அஹ்லாவத், 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற நரேந்தர் பெர்வால் போன்றவர்கள்தான் அங்கே அளவுகோல்.

அதைத் தாண்டினால் மத்திய ஆசியா. நரேந்தரை ஹாங்சோ அரையிறுதியில் நிறுத்தியவர் கஜகஸ்தானின் கம்ஷிபெக் குங்கபாயெவ். டோக்கியோவில் சதீஷ் குமாருக்கு நடந்தது இன்னும் பெரிய பாடம். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய சூப்பர் ஹெவிவெயிட் அவர். ஜமைக்காவின் ரிக்கார்டோ பிரவுனை 4-1 என வென்றார். அந்தச் சண்டையில் நெற்றியும் தாடையும் கிழிந்து 13 தையல். அந்தத் தையல்களோடு காலிறுதியில் உஸ்பெகிஸ்தானின் பகோதிர் ஜலோலோவ் முன்னால் நின்று, 0-5 எனத் தோற்றார். ஜலோலோவ் இரண்டு மீட்டர் உயரம், இடது கைக்காரர், டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம். புரொபஷனல் உலகின் உச்சிக்குப் போன உக்ரைனின் உசிக்கும் இடது கைக்காரர்தான். ஆகவே எதிராளியைத் தேடும்போது வெறும் பருமனான ஆளைத் தேடாதீர்கள். உயரமான ஒருவர், இடது கைக்காரர் ஒருவர், விடாமல் உள்ளே புகுந்து நெருக்கும் குட்டையான ஒருவர். வருடத்துக்கு இந்த மூன்று வகையிலும் ஆளுக்கு இரண்டு தரமான ஸ்பாரிங்காவது அமைய வேண்டும். ரயில் டிக்கெட் செலவாகும். கிளவுஸ் வாங்குவதைவிட இது நல்ல செலவு.

படி 5: வேலை

தயங்காமல் சொல்கிறேன், வேலைதான் இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு. 1966, 1970 ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற ஹவா சிங் (நூபுரின் தாத்தா), 1982-இல் தங்கம் வென்ற கவுர் சிங், சதீஷ் குமார் மூவரும் ராணுவத்தினர். ராணுவம், ரயில்வே, போலீஸ் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளைப் பையன் தேசியப் போட்டியில் கால் வைத்த நாளிலிருந்தே கவனியுங்கள். பத்மஸ்ரீ பெற்றவர், 1980-இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிச் சண்டை போட்டவர் கவுர் சிங். கடைசிக் காலத்தில் இதய சிகிச்சைக்கு அவருமே கடன் வாங்க வேண்டி வந்தது. வேலை மட்டும் போதாது, படிப்பையும் விடாதீர்கள்.

படி 6: புரொபஷனல் ஆசை

நிஷாந்த் தேவ் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் புரொபஷனல் ஆனார். அவர் எடை வேறு, ஒலிம்பிக் அனுபவம் வேறு. பெரிய எடையில் அவசரம் எதற்கு? உசிக் லண்டன் ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகு மாறி, முதலில் குரூசர்வெயிட்டை (90.7 கிலோ வரை) முழுதாக வென்று, 37 வயதில்தான் ஹெவிவெயிட்டின் நான்கு பெல்ட்டுகளையும் சேர்த்தார். மறுபக்கம் டெலிஷியஸ் ஓரியைப் பாருங்கள். பர்மிங்ஹாம் இறுதியில் சாகரை வென்று தங்கம் வாங்கிய இங்கிலாந்துக்காரர்; 2025-இல் ஒரே ஒரு புரொபஷனல் சண்டையோடு ஓய்வை அறிவித்துவிட்டார்.

படி 7: தலை

ஆண்கள் சீனியர் போட்டிகளில் ஹெட்கார்டு கிடையாது. தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் உட்பட எதுவும் கூடாது. "ஒரு வாரத்துல சரியாயிடும் சார்" என்று சொல்லும் கோச்சை அன்றே மாற்றுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "நாளைக்கே புரொபஷனல் ஆக்குகிறேன்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால், முதல் மூன்று எதிராளிகள் யார் என்று எழுதிக் கேளுங்கள். பெயர் சொல்லாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.