மாடு வாங்கும் முன்: பரிசோதனைத் துண்டும் பதிவுக் கொப்பியும்

ஊருக்குத் திரும்பிய பின்னர் பல குடும்பங்கள் முதலில் தேடுவது ஒரு பசுவைத்தான். பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கும், மிஞ்சியதை விற்கலாம், எரு தோட்டத்துக்கு உதவும். இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த மாடுகள் பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே வாழ்வாதார உதவிப் பணத்திலோ கடனிலோ வியாபாரியிடம் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் இரண்டாம் முறை கிடைப்பது அரிது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஓர் உதாரணம்

ஒரு குடும்பம் சினைப் பசு ஒன்றை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு நல்ல மாடு, விலையும் குறைவு. வியாபாரி வேறு மாவட்டத்திலிருந்து லொறியில் கொண்டுவந்தவர், கடதாசி எதுவும் தரவில்லை. ஏழாம் மாதத்தில் பசு கன்று வீசிவிடுகிறது. இளங்கொடியும் விழவில்லை. சில வாரங்களில் பால் கறந்தவருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி. அதே தரவையில் மேய்ந்த அயல்வீட்டுப் பசுவும் அடுத்துக் கன்று வீசுகிறது. வியாபாரி யார், மாடு எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை.

இது என்ன நோய்?

இதன் பெயர் புருசெல்லோசிஸ். தொற்றுக் கருச்சிதைவு நோய் என்றும் சொல்வார்கள். நோயுள்ள பசு வெளித்தோற்றத்தில் சுகமாகவே இருக்கும். கன்று வீசும்போது வெளிவரும் நீர், இளங்கொடி, செத்த கன்று ஆகியவற்றில் கிருமி மிக அதிகம். பாலிலும் இருக்கும். மனிதருக்குத் தொற்றினால் வைத்தியசாலையில் பல வாரங்கள் மருந்து எடுக்க வேண்டும். மாட்டுக்கோ பயன்தரும் சிகிச்சை கிடையாது. அதனால்தான் வாங்கும் முன் பரிசோதிப்பது அவசியம்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தை நாடுங்கள். மாட்டின் இரத்தத்தில் சிறு அளவு எடுத்து, இளஞ்சிவப்பு நிறச் சோதனைத் திரவத்துடன் கலந்து பார்ப்பார்கள். திரிதிரியாகத் திரண்டால் நோய் இருக்கலாம் என்று பொருள். கறவை மாடானால் பாலிலும் ஒரு சோதனை உண்டு.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கன்று ஈனும் காலத்தை ஒட்டி எடுத்த சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். புதிதாகத் தொற்றிய மாட்டிலும் அப்படியே. ஆகவே முதல் சோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும், ஒன்று அல்லது இரண்டு மாதங்களின் பின் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேட்டு வாங்க வேண்டியவை

1. பரிசோதனைத் துண்டு. அதில் எழுதிய நிறம், குறி, காதுத் தகட்டு இலக்கம் ஆகியவை உங்கள் முன் நிற்கும் மாட்டுடன் பொருந்த வேண்டும்.

2. உரிமைக் கடதாசி. சுட்ட குறி விற்பவருடையதா என்று பாருங்கள். உரிமையாளரைப் பிரிந்த மாடுகள் கைமாறிய இடங்களில் இது மிக முக்கியம். நாளை உண்மையான உரிமையாளர் வந்தால் நீங்கள் மாட்டையும் பணத்தையும் இழப்பீர்கள்.

3. சுகாதாரச் சான்றிதழும் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமும் இவ்விடயங்களுக்கு உரியவை. அனுமதி இல்லாமல் ஏற்றினால் வழியில் பொலிசார் மறிக்கலாம். வாகனம் பேசுவதற்கு முன்பே அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

புது மாட்டைக் குறைந்தது 30 நாட்கள் வேறாகக் கட்டுங்கள். தண்ணீர் வாளியும் தனியாக இருக்கட்டும். கால் வாய் நோய் தொற்றியிருந்தால் பொதுவாக 2 முதல் 14 நாட்களுக்குள் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் தெரியும். பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

இளங்கொடியைப் பையில் கட்டி மரத்தில் தொங்கவிடும் வழக்கம் எங்கள் ஊர்களில் உண்டு. கன்று வீசிய பசுவின் இளங்கொடியை அப்படிச் செய்ய வேண்டாம். கையுறையோ பொலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, செத்த கன்றுடன் சேர்த்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

பதிவுக் கொப்பி

ஒரு சாதாரணக் கொப்பி போதும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய திகதி, விற்றவரின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், மாட்டின் நிறம், வயது, குறி, அனுமதிப்பத்திர இலக்கம், சோதனைத் திகதியும் முடிவும், போட்ட தடுப்பூசி, கன்று ஈன்ற நாள் என்பவற்றை எழுதுங்கள். துண்டுகளை அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

நீங்களே மாடு வாங்கி விற்பவராக இருந்தால், யாருக்கு விற்றீர்கள் என்பதையும், ஒரே வாகனத்தில் சேர்ந்து வந்த மாடுகள் எவை என்பதையும் எழுதுங்கள். ஒரு மாட்டில் நோய் கண்டால், அதனோடு நின்ற மற்ற மாடுகளை வைத்தியர் தேடிப்பிடிக்க இதுதான் வழி. கொப்பி சரியாக இருக்கும் வியாபாரியை நம்பி ஆட்கள் திரும்ப வருவார்கள்.

கடைசியாக ஒன்று

சோதனையில் நோய் உண்டென்று வந்தால், சொல்லாமல் விற்றுவிட மனம் தூண்டும். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது அது விளங்கக்கூடியதே. ஆனால் அந்த மாடு போய்ச் சேர்வது உங்களைப் போலவே திரும்பி வந்த இன்னொரு வீட்டுக்கு. அங்கேயும் பால் குடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தரவை பொதுவானது என்பதால் நோய் உங்கள் வளவுக்கும் திரும்பி வரும். விற்காமல் வைத்தியரிடம் சொல்லி, அவர் கூறும்படி செய்யுங்கள்.

விலை பேசும் முன் துண்டைக் கேளுங்கள். துண்டு இல்லையென்றால், விற்பவரையும் அழைத்துக்கொண்டு மாட்டைச் சோதித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.