புறப்படுமுன் பெற வேண்டிய அனுமதி

அன்புள்ள பிள்ளைக்கு,

கோடை விடுமுறைக்கு அம்மம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து லண்டன் வருவதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். கனடியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை, ரிக்கெற் எடுத்தால் போதும் என்கிறாய். விசா தேவையில்லைதான். ஆனால் ரிக்கெற் மட்டும் போதாது.

2025 ஜனவரி 8 முதல் கனடியக் குடிமக்களும் பிரித்தானியாவுக்குப் புறப்படுமுன் இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். இ.டி.ஏ. என்பார்கள். விசா இல்லாமல் வருபவர்களை முன்பு இங்கே இறங்கிய பிறகுதான் விசாரித்தார்கள். இப்போது விசாரணையின் முதற்பகுதி நீ வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. 2026 பெப்ரவரி 25 முதல் இது இறுக்கமாகிவிட்டது. அனுமதி இல்லாதவரை விமான நிறுவனமே ஏற்றாது.

விண்ணப்பம் கடினமில்லை. பிரித்தானிய அரசின் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் படம் எடு. பிறகு உறையைக் கழற்றிவிட்டுக் கடவுச்சீட்டின் மேல் கைபேசியை அசையாமல் வை. உள்ளே இருக்கும் சிப்பை அது வாசிக்கும். முகத்தைக் காட்டு, கேள்விகளுக்கு உண்மையைச் சொல். அனுப்புமுன் கடவுச்சீட்டு எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடு. ஆங்கில 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியம் விழுந்தால், அந்த அனுமதி உனக்கு உதவாது.

தொடக்கத்தில் கட்டணம் 10 பவுண். 2025 ஏப்ரலில் 16 ஆயிற்று. கட்டும் நாளில் அரசின் பக்கத்திலேயே தொகையைப் பார். அரசுத் தளம்போலத் தோன்றி மேலதிகக் காசு வாங்கும் தளங்கள் உண்டு. பதில் பெரும்பாலும் 3 வேலை நாட்களுக்குள் வரும். அனுமதி 2 ஆண்டு செல்லும். இடையில் புதுக் கடவுச்சீட்டு எடுத்தால் அனுமதியையும் புதிதாக எடுக்க வேண்டும். தம்பிக்கும் தனியாக விண்ணப்பி, கைக்குழந்தைக்குக்கூட விலக்கில்லை.

முக்கியமானது அம்மம்மாவின் விடயம். கனடாவில் நிரந்தர வதிவுரிமை இருந்தாலும் அவர் வைத்திருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. வசிக்கும் நாட்டைப் பார்த்து அல்ல, கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் இந்தச் சலுகை. அவருக்கு விசாவே வேண்டும். அதற்கு வழமையாக 3 வாரம் எடுக்கும். ஆகவே முதலில் அவருடைய விண்ணப்பத்தைப் போடு. விசா கைக்கு வந்த பிறகு மூவருக்கும் ஒன்றாக ரிக்கெற் எடு.

அன்புடன்,
சின்னம்மா